மூணாவது ரூம்

“ஃபேமிலியில மொத்தம் எத்தனை பேர் சார்?” என்று ஃபிளாட் காட்டுகிற அந்தப் பெண் கேட்டாள். “மூணு பேர்ம்மா. நான், வொய்ஃப், பொண்ணு. எங்கம்மா அப்பப்ப சேலத்துலேர்ந்து வந்து போவாங்க” என்றான் தயாளன். அவன் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ரேஷன் கார்டைக் கேட்டாலும் அதையேதான் சொல்லும். ஆனாலும் அந்த ‘மூணு’ சுகந்தியின் தொண்டையில் தண்ணியில்லாமல் போட்ட மாத்திரை மாதிரி நின்றுவிட்டது. கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் வரவில்லை. நாலாவது ஆள் பக்கத்திலேயே அல்லவா நிற்கிறார்! அவளைப் பெற்ற அப்பா, சபாநாயகம், டெலிபோன்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அம்மா போன பிறகு வில்லிவாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் தனியாகப் பொங்கித் தின்கிற மனுஷர், தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, பேத்தியின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாப்பிள்ளை மூணு என்றதும் அவரும் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினாரே, அதைத்தான் சுகந்தியால் தாங்க முடியவில்லை. ஏன்ப்பா தலையை ஆட்டுறே, உன்னை யாராவது கேட்டாங்களா? அந்தப் பெண், பெனிட்டாவாம் பெயர், கழுத்தில் அட்டை தொங்குகிறது, எல்லாரையும் பேட்டரி காரில் ஏறச் சொன்னாள். தயாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பார்த்து முடித்து, பிடித்திருந்தால் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறான். அதற்குள் சுகந்திக்கும் ஒரு வேலை இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஏங்க, மூணாவது ரூம்ல அப்பா இருக்கட்டும். அவ்வளவுதான். நாலு மாதமாக வாயில் வைத்துக்கொண்டிருக்கிற வாக்கியம். வண்டலூர் தாண்டும்போது சொல்லலாம் என்று இருந்தாள், அப்பா பின்சீட்டில் இருந்தார். ஓட்டலில் கை கழுவும்போது சொல்லலாம் என்று இருந்தாள், மகள் மித்ரா கூடவே வந்து நின்றாள். வாக்கியத்தைச் சொல்ல இடம் கிடைக்கவில்லையா, வாய் வரவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

பேட்டரி கார் சத்தமில்லாமல் கிளம்பியது. முன்னால் தயாளனும் மித்ராவும் பெனிட்டாவும், நடுவில் சுகந்தி, பின்னால் திரும்பி உட்காருகிற சீட்டில் அப்பா. எல்லாரும் வரப்போவதைப் பார்த்துக்கொண்டு போக, அவர் மட்டும் கடந்து போனதைப் பார்த்துக்கொண்டு வந்தார். “இது மேப்பிள் டவர், அது சைப்ரஸ், அந்தாண்ட ஆலிவ்” என்று பெனிட்டா கையை நீட்டினாள். அந்த மரங்களை இந்த ஊரில் எவன் பார்த்திருக்கிறான், கீழே நட்டிருப்பதெல்லாம் கொன்றையும் அரளியும்தான், ஆனால் கொன்றை டவர் என்று வைத்தால் எவன் வாங்குவான். நீச்சல் குளம், அதில் குழந்தைகளுக்குத் தனிக் குளம், ஸ்கேட்டிங் தளம், பேட்மிண்டன், மினி தியேட்டர், விநாயகர் கோயில், எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த நடைபாதை. மித்ரா ஒவ்வொன்றுக்கும் “அம்மா அம்மா” என்று தொடையில் அடித்தாள். பதினோரு வயசுப் பெண்ணுக்கு நீச்சல் குளம் என்றால் சொர்க்கம், பாவம், அவள் ஆடட்டும். சுகந்திக்குக் குளத்தின் நீலத்தைப் பார்த்ததும் பாத்ரூம்தான் ஞாபகம் வந்தது. ஈரத் தரை. போன மாதம் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அதை அவர் சொல்லவில்லை, கீழ்வீட்டு ஜமுனா அக்கா சொன்னாள். “உங்கப்பா எழுந்திருக்க முடியாம பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு சுகந்தி, வேலைக்காரி வந்துதான் தூக்கினா.” அன்றைக்கும் தினப்படி போல அப்பா போன் பண்ணினார். என்ன குழம்பு என்று கேட்டார். வத்தக்குழம்பு என்று சொன்னாள். “சுண்டக்காயா, மணத்தக்காளியா?” என்று கேட்டார். எழுந்திருக்க முடியாமல் கிடந்த மனுஷர், அதைச் சொல்லாமல், சுண்டக்காயா மணத்தக்காளியா என்று கேட்கிறார்! அப்பா, நீ என்ன பிறவிப்பா. சுகந்தி பின்னால் திரும்பிப் பார்த்தாள். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. வண்டி ஒரு திருப்பத்தில் சாய்ந்தபோது அவர் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினார், சட்டைக்கை சரிந்தது, முழங்கைக்குக் கீழே பழுத்த மாம்பழத் தோல் நிறத்தில் ஒரு காயம். அவள் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். கையை இறக்கிப் பொத்தானைத் தடவிக்கொண்டு, “நல்ல காத்து இங்க” என்றார்.

“இது சீனியர் சிட்டிசன் கார்னர்” என்று பெனிட்டா வண்டியை நிறுத்தச் சொன்னாள். நாலு பெஞ்சு, ஒரு சதுரங்கப் பலகை பதித்த கல்மேசை, மேலே பந்தல், பந்தலில் இன்னும் கொடி ஏறவில்லை. “அங்கிள், இது உங்களுக்குத்தான்! ஈவினிங் ஆனா இங்க வந்து ஃப்ரெண்ட்ஸோட உக்காரலாம்.” அப்பா சிரித்தார். “நான் இங்க இருக்கப் போறதில்லைம்மா. சும்மா பார்க்க வந்தேன்.” இப்போது சொல்லடி, இதைவிடவா வாகான இடம் வேண்டும் என்று சுகந்தியின் மனசு அவள் விலாவில் இடித்தது. ஏன்ப்பா இருக்கப் போறதில்ல, இருங்க என்று ஒரு வார்த்தை. அவள் வாயைத் திறக்கப் போகும்போது தயாளன், “மாமா சொந்தமா சமைச்சு, யார் கையையும் எதிர்பார்க்காம இருக்கிறவரு” என்று பெருமையாகச் சொன்னான். நிஜமான பெருமை, ஒரு வஞ்சகமும் இல்லை. அப்பாவும் அந்தப் பெருமையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். போயிற்று. இனிமேல் அவள் வாயைத் திறந்தால் அந்த மனுஷரின் கௌரவத்தைப் பிடுங்குகிற மாதிரி ஆகும். இந்தத் தயாளன் இருக்கிறானே, தங்கமான ஆள், தொந்தரவே அதுதான். கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அப்பா விழுந்த சேதியைச் சொன்னபோது பதறித்தான் போனான். டாக்டரிடம் காட்டினாரா என்றான், ஆள் வைத்துவிடலாமா என்றான், அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாத்ரூமில் ரப்பர் பாய் போட்டுவிட்டு வந்தான். கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று மட்டும் சொல்லவில்லை. மாமியார் சேலத்திலிருந்து வருகிறாள் என்றால் மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லையே? பஸ் ஏறியதும் போன் வரும், தயாளன் கோயம்பேட்டுக்குப் போவான், வரும்போதே மகாராணி மாதிரி, “என் தலகாணி எங்க?” என்று கேட்டுக்கொண்டுதான் வருவாள். அவளுக்கு அந்த வீட்டில் ஒரு தலகாணியே உண்டு. அப்பாவுக்கு ஒரு டம்ளர்கூட இல்லை. சீ, மாமியார் தலகாணியோடு எதற்குச் சண்டை, வயசானவள், அவள் என்ன பண்ணினாள்.

மாதிரி வீடு நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்டிலிருந்து இறங்கியதும் செருப்புக்கு மேலேயே மாட்டிக்கொள்ள நீல பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று மாட்டப் பார்த்தார். சுகந்தி குனிந்தாள். “வேண்டாம்மா, வேண்டாம்மா, நானே” என்றார். அவருக்கு மூச்சுக்கு முந்நூறு வேண்டாம்மா. காப்பி? வேண்டாம்மா. ஃபேன்? வேண்டாம்மா. ஊரில் மற்ற பிள்ளைகள் அப்பன் சொல்கிற ‘வேண்டாம்’ என்பதைக் கேட்டுக் கடுப்பாவார்கள், இவள் அதற்குள்ளே எங்கேயாவது ஒரு ‘வேணும்’ ஒளிந்திருக்கிறதா என்று அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கிக்கொண்டே இருப்பாள். உள்ளே போனதும் குளிர்ச்சி முகத்தில் அடித்தது. சோபா, டீபாய், பூச்சாடி, டைனிங் டேபிளில் ஆறு தட்டு, தட்டில் மெழுகு ஆப்பிள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் என்னவோ சரியில்லை. என்ன அது? ஒரு வீட்டில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இங்கே இல்லை. விளக்கு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, திரைச்சீலை, ஃபிரிட்ஜ், பூஜை மாடம், எல்லாம் இருக்கிறது. என்னடி இல்லை? மித்ரா ஒரு அறைக்குள் ஓடி இன்னொரு அறை வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “எவ்ளோ பெருசா இருக்குப் பாரு” என்றான் தயாளன். பெரிசாகத்தான் இருந்தது, ஒரே கூடமாக, எங்கே நின்றாலும் எல்லாம் தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவு! ஒரு அறைக்கும் கதவு இல்லை. நிலை இருக்கிறது, கதவைக் காணோம். “கதவெல்லாம் எங்கம்மா?” என்று கேட்டாள். “ஹேண்டோவர்ல வந்துடும் மேடம், இது டிஸ்ப்ளேங்கிறதால ஓப்பனா வெச்சிருக்கோம்” என்றாள் பெனிட்டா. அட, கெட்டிக்காரி! கதவைக் கழற்றிவிட்டால் வீடு பெரிசாகத் தெரியும். கதவு வந்த பிறகு எவ்வளவு சின்னதாகும் என்று யாருக்குத் தெரியும். கதவு வந்த பிறகு ஒரு அறையிலிருந்து இருமல் கேட்டால், பாத்ரூமில் ரொம்ப நேரம் தண்ணீர் ஓடினால், பாதி ராத்திரியில் ஒருத்தர் தட்டுத் தடுமாறிச் சமையலறைக்கு வந்தால், தயாளனுக்கு ஒரு நாள் சரி, ஒரு மாசம் சரி, ஒரு வருஷம்? விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு என்று சும்மாவா சொன்னார்கள். கிட்ட இருந்தால் முட்டப் பகை. இப்போது மாமா மாமா என்று உருகுகிறவன் அப்போது மாமாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? வேண்டாம், கேட்கவே வேண்டாம். இல்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

“இது மாஸ்டர் பெட்ரூம், அது பாப்பாவோடது” என்று காட்டிவிட்டுப் பெனிட்டா மூணாவது அறைக்கு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ரயில் தண்டவாளம் தெரிந்தது. ஒற்றைக் கட்டில், ஒரு மேசை, சுவரில் ஏதோ வெள்ளைக்காரக் குழந்தையின் படம். “இதை கெஸ்ட் ரூமா வெச்சுக்கலாம், ஹோம் ஆபீஸா மாத்திக்கலாம், யோகா ரூம்கூட சில பேர் பண்றாங்க.” யோகாவுக்கு ஒரு ரூம் உண்டாம், பெற்ற அப்பனுக்கு இல்லை! தயாளன் மேசையில் கையை வைத்துப் பார்த்தான். “ஒர்க் ஃப்ரம் ஹோமுக்கு சரியா இருக்கும், இல்ல? அம்மா வந்தா இங்கயே படுத்துக்குவாங்க.” சுகந்திக்குக் காது சூடேறியது. இப்போது, இப்போது. “ஏங்க” என்றாள். “என்ன?” என்றான் அவன். அதற்குள் அப்பா, கடவுளே, அந்த அப்பாவே, தொண்டையைச் செருமிக்கொண்டு, “மாப்ள, இதைப் பாப்பா படிக்கிறதுக்கு வெச்சுடுங்க. பத்தாவது பன்னெண்டாவதுன்னு வரும்போது தனி ரூம் வேணும் பாருங்க” என்றார். “கரெக்ட் மாமா” என்றான் தயாளன். அவள் பக்கம் திரும்பி, “நீ என்ன சொல்ல வந்தே?” என்றான். “ஒண்ணுமில்ல, ஸ்விட்ச் எங்கன்னு கேக்க வந்தேன்” என்றாள் சுகந்தி. ஸ்விட்ச்சாம் ஸ்விட்ச்! தன் கன்னத்தில் தானே ஒரு அறை விட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது அவளுக்கு.

பால்கனிக்கு எல்லாரும் போனார்கள். தயாளன் காற்றோட்டத்தைப் பற்றிக் கேட்டான், தண்ணீர் ஆழ்துளையா மெட்ரோவா என்று கேட்டான், பெனிட்டா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். சுகந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி மித்ரா பிறக்கிற வரை அப்பா அவள் வீட்டில் கை நனைத்ததில்லை. வருவார், சாத்துக்குடியோ பிஸ்கட்டோ கையில் இல்லாமல் வரமாட்டார், தண்ணீர் குடிப்பார், போய்விடுவார். பெண் கொடுத்த வீட்டில் சாப்பிட்டால் மதிப்புப் போய்விடும் என்று அவர் அப்பா சொன்னாராம், அவர் அப்பாவுக்கு யார் சொன்னார்களோ. பேத்தி பிறந்த பிறகுதான் இலை போட்டு உட்கார்ந்தார். தங்குவது மட்டும் இன்றுவரை கிடையாது. விளக்கு வைப்பதற்குள் கிளம்பிவிடுவார். மழை கொட்டின ஒரு நாள்கூட, ஆட்டோவே வராத தெருவில், வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். “இருந்துட்டுக் காலையில போங்களேன்ப்பா” என்று அவள் சொல்லத்தான் செய்தாள். எப்போது சொன்னாள்? அவர் செருப்பை மாட்டி, குடையை எடுத்த பிறகு. அதுவும் ஒரு கூப்பிடலா? ஒவ்வொரு தரமும் அப்படித்தான். அவர் வாசலுக்குப் போன பிறகு சொல்லியிருக்கிறாள், கேட்டைத் திறந்த பிறகு சொல்லியிருக்கிறாள், ‘வேண்டாம்மா’ வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த இடமாகப் பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அவர் சரி என்று சொல்லிவிட்டால் தயாளன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்கிற பயம். அவர் கேட்கமாட்டார், கௌரவம். தயாளன் கூப்பிடமாட்டான், மாமனார் தனியாக இருப்பதுதான் அவருக்கு மரியாதை என்று நினைக்கிறான், கூப்பிட்டால் ‘உங்களால முடியலயா’ என்று கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறான். அவள் கேட்கமாட்டாள், பெண்ணாகப் பிறந்துவிட்ட பயம். மூன்று பேரும் மரியாதையாக ஒருத்தருக்கொருத்தர் வழிவிட்டு நின்றுகொண்டிருக்க, ஈரத் தரையில் ஒருத்தர் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கே காலையில் போன் வராமல் போனால்? அடுப்பில் டீ கொதிக்கும், மணி ஏழாகும், எட்டாகும், என்ன குழம்பு என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். அப்புறம் போன் வரும், அப்பா எண்ணிலிருந்து, ஆனால் ஜமுனா அக்கா குரலில்.

“டைம் ஆச்சு சுகந்தி, நாலடிச்சிடுச்சு. எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்கு?” என்றான் தயாளன். “எனக்கு சூப்பரா பிடிச்சிருக்கு” என்றாள் மித்ரா. “உன்னைக் கேக்கலடி வாயாடி, அம்மாவைக் கேக்கறேன்.” “அப்பா எங்க?” என்றாள் சுகந்தி. பால்கனியில் அவர் இல்லை. கூடத்தில் இல்லை. சமையலறையில் எட்டிப் பார்த்தாள், பளபளவென்று அடுப்பு, பால் பொங்காத அடுப்பு, அங்கேயும் இல்லை. பாத்ரூம். தயாளன் “வெளிய போயிருப்பாரு” என்று சொல்வது காதில் விழுந்தும் விழாமலும், நீல உறை வழுக்க வழுக்க ஓடினாள். பாத்ரூமில் வெள்ளைத் தரை, காய்ந்த தரை, யாரும் விழுந்து கிடக்கவில்லை. இன்னொரு பாத்ரூம். அங்கேயும் இல்லை. மாரியாத்தா, என் அப்பாவைக் காட்டு தாயே. லிஃப்டைத் தெரியாமல் அழுத்திக் கீழே போய்விட்டாரா, மாடிப்படி, அந்த முழங்கை, மத்தியானம் ஓட்டலில்கூட ரெண்டு வாய்தானே சாப்பிட்டார். அப்போது பெனிட்டாவின் குரல் கேட்டது. பதறிய குரல், ஆனால் கிசுகிசுப்பாக. “சார், மேடம், இங்க வாங்களேன். அங்கிள் டிஸ்ப்ளே பெட்ல படுத்துட்டாரு.”

மூணாவது ரூமில் அப்பா படுத்திருந்தார். உட்கார்ந்து பார்த்திருப்பார், அப்படியே சாய்ந்திருப்பார், மனுஷருக்கு அவ்வளவு அசதி. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் மடித்து வைத்திருந்தார். அறை பெரிசாகத் தெரிய வேண்டும் என்று கட்டிலையே குட்டையாகச் செய்திருக்கிறார்கள் போலும், உயரமான மனுஷர், முழங்காலை மடக்கிக்கொண்டும் நீல உறை போட்ட பாதம் ரெண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதுவும் நல்லதுதான், விரிப்பு அழுக்காகாது என்று அப்படியே விட்டிருப்பார். சுவரைப் பார்க்கத் திரும்பி, ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்து, ஆம், பெண் வீட்டில் முதல் தடவையாகப் படுத்திருந்தார். அது பெண் வீடே இல்லை, யார் வீடும் இல்லை, ஆப்பிளெல்லாம் மெழுகு. “மேடம், தப்பா நினைக்காதீங்க, அடுத்த ஃபேமிலி கீழ வெயிட் பண்றாங்க, கொஞ்சம் எழுப்பிடுறீங்களா ப்ளீஸ்” என்றாள் பெனிட்டா. தயாளன் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு, “மாமா” என்று கையை நீட்டினான். சுகந்தி அந்தக் கையைப் பிடித்தாள். “எழுப்பாதீங்க” என்றாள். “இது அப்பா ரூம்.”

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது, அதுவும் கொஞ்சம் உரக்கவே. கேட்ட மாதிரி இல்லை, சொன்ன மாதிரி இருந்தது. தயாளன் அவளைப் பார்த்தான். கோபமா, ஆச்சரியமா, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்கிற வருத்தமா, அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, பார்க்கவும் தெம்பு இல்லை. மித்ரா, “அப்போ தாத்தா நம்மகூடவா இருக்கப் போறாரு?” என்றாள். பெனிட்டா தரையைப் பார்த்தாள். தயாளன் அவள் பிடியிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, நெற்றியைத் தேய்த்தான், ஜன்னலைப் பார்த்தான், பிறகு பெனிட்டாவிடம் திரும்பி, “ஏம்மா, இந்த ரூமுக்கு பாத்ரூம் உள்ளயே இருக்கா, வெளிய நடந்து போகணுமா?” என்று கேட்டான். “வெளிய சார், ஆனா பக்கத்துலயே.” “அது சரிப்படாது. ராத்திரி எழுந்து நடக்க முடியாது. உள்ள பாத்ரூம் இருக்கிற ரூமைத்தான் அவருக்குக் குடுக்கணும். அப்ப நாங்க இதுல இருந்துக்கணும்” என்று தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் சொல்லிக்கொண்டு, அளந்து பார்க்க நடந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது சுகந்திக்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கட்டில் பக்கம் போய்க் குனிந்தாள். தூங்கும்போது அப்பாவுக்கு வாய் திறந்துகொள்ளும், அம்மா இருந்த நாளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது வாய் இறுக மூடியிருந்தது. இமைக்குள்ளே கண் அசைந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறார் மனுஷர். அவள் ‘வேண்டாம்மா’வுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. அவர் கண்ணைத் திறக்காமல், சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, இன்னும் நன்றாகப் படுத்துக்கொண்டார்.